பழைய பாணி அக்கூஸ்டிக் கிட்டார்: வாங்கியவர்கள் ஏன் ஒத்துப்போவதே இல்லை?

பழைய பாணியில் செய்த அக்கூஸ்டிக் கிட்டாரை வைத்திருக்கும் இரண்டு பேரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "சத்தம் நல்லா வறண்டு இருக்கு, ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியா விழுது" என்பார் ஒருவர். அதே மாடலை வாங்கிய மற்றவர் "கணீர்னே இல்லை, போர்வை போர்த்தின மாதிரி இருக்கு" என்று அலுத்துக்கொள்வார். தோற்றத்திலும் இதே கதைதான். நடுவில் மஞ்சளாக ஆரம்பித்து ஓரத்தில் கறுப்பாகக் கரையும் அந்த மங்கிய சன்பர்ஸ்ட் நிறத்தைப் பார்த்ததும் ஒருவருக்குக் கை பரபரக்கிறது. இன்னொருவருக்கு, புதுசாகச் செய்த பொருளுக்கு எதற்கு இந்தக் கிழவேஷம் என்று எரிச்சல்.

இந்தக் கருத்துகளைப் பல வருடமாகக் கேட்டுவருகிறேன். என்னிடமும் சரிந்த தோள்களுடைய சன்பர்ஸ்ட் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி நானே இரண்டு பக்கமும் பேசியிருக்கிறேன். எனக்குப் பட்டது என்னவென்றால், இவர்கள் பெரும்பாலும் முரண்படவே இல்லை. கிட்டாரின் ஒரே குணத்தைத்தான் ஒருவர் புகழ்கிறார், மற்றவர் குறை சொல்கிறார். அந்தக் குணம் மரத்திலும் பசையிலும் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால், இவர்கள் சொல்வதை வேறு மாதிரி வாசிக்கலாம்.

எந்தக் காலத்துப் பழசு?

விண்டேஜ் என்றதும் பொதுவாக ஏதோ ஒரு பழமை என்று தோன்றும். கிட்டார்க்காரர்கள் பேச்சில் அதற்குக் கிட்டத்தட்ட ஊரும் வருடமும் உண்டு. அமெரிக்கா, 1920களின் கடைசியிலிருந்து 1940களின் நடுப்பகுதி வரை. அதிலும் குறிப்பாக இரண்டு தொழிற்சாலைகள்: பென்சில்வேனியா மாநிலம் நாசரேத்தில் மார்ட்டின், மிச்சிகன் மாநிலம் கலமசூவில் கிப்சன். இன்று எந்த நாட்டிலிருந்து எந்தப் பெயரில் ஒரு பழைய பாணி கிட்டார் வந்தாலும், அது அநேகமாக இந்த இரண்டு வீடுகளில் ஒன்றின் பேரப்பிள்ளையாகத்தான் இருக்கும். விதிவிலக்குகள் உண்டு. ஜப்பானின் யமஹா 1966-இல் கொண்டுவந்த எஃப்ஜி என்ற கிட்டார் வரிசைக்கு உள்ளே ஒட்டிய சிவப்பு லேபிளே அடையாளமாகிப் போனது. அந்த நினைவை வைத்தே 2019-இல் 'ரெட் லேபிள்' வரிசையை மறுபடி இறக்கினார்கள்.

ஏன் அந்த இருபது வருடம்? அப்போது கிட்டாருக்கு ஒரு அவசரத் தேவை இருந்தது: சத்தம். நடன இசைக் குழுக்களில் பாஞ்சோவும் பித்தளைக் குழல்களும் முழங்கும்போது நடுவில் கிட்டார் கேட்க வேண்டும். நரம்பு போய் எஃகுக் கம்பி வந்தது. 1929-இல் மார்ட்டின், ஒரு பாஞ்சோ வாசிப்பாளருக்காகக் கழுத்தை நீட்டி, உடம்புக்கு வெளியே 14 ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) இருக்குமாறு ஓஎம் என்ற வடிவத்தைச் செய்தது. ட்ரெட்நாட் என்ற பெரிய உடம்பு வடிவத்தை 1916-லேயே வேறொரு நிறுவனத்துக்காகச் செய்து கொடுத்திருந்தார்கள். பெயர் அந்தக் காலத்து ஆங்கிலப் போர்க்கப்பலிடமிருந்து வந்தது. 1931-இல் அதைத் தங்கள் பெயரிலேயே விற்க ஆரம்பித்தார்கள். டி-18, டி-28 என்று இன்றைக்கும் எல்லோரும் நகலெடுக்கும் உருவங்கள் அங்கிருந்து வந்தவை. கிப்சன் 1934-இல் ஜம்போ என்று பதில் கொடுத்தது. அந்த வழியில் 1942-இல் வந்ததுதான் ஜே-45.

இன்று பழைய பாணி என்று பரவசப்படும் பல விஷயங்கள் அன்று சிக்கன நடவடிக்கைகள். ஜே-45 இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் கிட்டார். கிடைத்த மரத்தை வைத்துச் செய்தது. பெயரில் இருக்கும் 45, அன்றைய விலையான 45 டாலர் என்றுதான் சொல்வார்கள். தொழிற்சாலையில் ஆண்கள் பலர் போருக்குப் போய்விட, பெண்கள்தான் அந்தக் கிட்டார்களில் பெரும்பகுதியைச் செய்தார்கள். மரத்தின் ரேகை கொஞ்சம் சுமாராக இருந்தால் மறைக்க சன்பர்ஸ்ட் வசதியான வழி. போர் முடிந்த பிறகு நிறம் பூசாத மேற்பலகையோடு அதே கிட்டார் ஜே-50 என்று வந்தபோது, ரேகை நேராக ஓடும் நல்ல பலகைகள் அதற்குப் போயின என்பது வழிவழியாக வரும் பேச்சு. இன்று அந்த மறைப்பு நிறத்துக்காகவே ஒருவர் கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறார். அவரைக் கேலி செய்யவில்லை. நானும் கொடுத்தவன்தான்.

இன்னும் ஒரு படி போனது டெக்சஸில் கிட்டார் செய்யும் காலிங்ஸ் பட்டறை. 2014-இல் வாட்டர்லூ என்ற பெயரில் அவர்கள் ஆரம்பித்த வரிசை, கிப்சனின் பெரிய கிட்டார்களைப் பார்த்துச் செய்ததுகூட இல்லை. பொருளாதார மந்தக் காலத்தில் கிப்சன் தொழிற்சாலை கலமசூ என்ற மலிவுப் பெயரில் விற்ற எளிய கிட்டார்களைப் பார்த்துச் செய்தது. ஏழைக் கிட்டாரின் நகலை மிகத் தேர்ந்த கைகள் மிகக் கவனமாகச் செய்கின்றன. அந்தச் சத்தத்துக்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது என்பது இதிலிருந்தே தெரியும்.

கம்பியின் கைக்காசு

சரி, அந்தச் சத்தம் என்பது என்ன? வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் சொற்கள் ஏழெட்டுதான். வறண்ட ஒலி, மர வாசனை அடிக்கும் ஒலி, கதகதப்பு, அடித்தால் நெஞ்சில் தொம்மென்று விழும் மந்தர ஸ்தாயி, உடனே எழுந்து உடனே அடங்கும் ஸ்வரம். பிடிக்காதவர்கள் சொல்வது: மங்கல், பெட்டிக்குள்ளிருந்து வருகிற மாதிரி, கார்வை இல்லை, மேல் ஸ்தாயியில் மினுமினுப்பு இல்லை.

இரண்டு பட்டியலுக்கும் வேர் ஒன்றே. கம்பியை மீட்டும்போது விரல் அதற்குக் கொடுப்பது ஒரு குறிப்பிட்ட அளவு சக்தி. அவ்வளவுதான் கைக்காசு. அதற்கு மேல் கிட்டார் எதையும் சேர்க்க முடியாது. செலவு செய்யத்தான் முடியும். மேற்பலகை கனமாகவும் விறைப்பாகவும் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கும்: சத்தம் மிதமாக எழும், கார்வை நீளும். பலகை லேசாக இருந்தால் அது ஊதாரி. வந்த காசை அப்போதே வீசிவிடும். ஸ்வரம் திடுமென்று உரக்கக் கிளம்பி, சீக்கிரமே அடங்கும். முந்தைய ஸ்வரம் அடங்கிவிட்டதால் அடுத்தது தெளிவாகக் கேட்கிறது. அதைத்தான் ஒருவர் 'வறண்டு இருக்கு, தனித்தனியா விழுது' என்கிறார். நீண்ட கார்வைக்குப் பழகிய காதுக்கு அதே அடக்கம்தான் குறை.

பலகையை லேசாக்க அன்றைய ஆட்கள் கைவைத்த இடம் உள்ளே இருக்கிறது. மேற்பலகை ஏறக்குறைய 3 மி.மீ. தடிமன். எஃகுக் கம்பி ஆறும் சேர்ந்து அதை 70 கிலோவுக்கு மேற்பட்ட விசையில் இழுக்கின்றன. பலகை பிய்த்துக்கொண்டு வராமல் தாங்குவது அடிப்பக்கத்தில் எக்ஸ் எழுத்து போல ஒட்டிய குச்சிகள். இவற்றைத்தான் பிரேஸ் என்கிறார்கள். மார்ட்டின் 1840களிலேயே இந்த எக்ஸ் அமைப்பைப் பயன்படுத்தியது. 1930களில் இந்தக் குச்சிகளின் நடுப்பகுதியைப் பள்ளமாகச் செதுக்கிவிடுவார்கள். ஸ்காலப் செய்த பிரேஸ் என்பது அதுதான். ஒரு குச்சியின் உயரத்தைப் பாதியாக்கினால் அதன் விறைப்பு பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால் உளி கொஞ்சம் இப்படி அப்படிப் போனாலே கிட்டாரின் குணம் மாறும். எக்ஸின் சந்திப்பை ஒலித்துளைக்கு அருகே தள்ளி வைத்ததும் கம்பிகளைப் பலகையோடு பிணைக்கும் கட்டையான பிரிட்ஜைச் சுற்றிய பகுதி தாராளமாக அசைய உதவியது.

அப்புறம் நடந்தது, எல்லா ஊதாரிகளுக்கும் நடப்பது. வாசிப்பவர்கள் இன்னும் சத்தம் வேண்டும் என்று தடித்த கம்பிகளைப் போட்டார்கள். பலகை வயிறு தள்ளியது, பிரிட்ஜ் பெயர்ந்தது, பழுதுக்குத் திரும்பி வந்தன. 1930களின் கடைசியில் மார்ட்டின் எக்ஸ் சந்திப்பைப் பின்னுக்குத் தள்ளியது. 1944 இறுதியில் பிரேஸைச் செதுக்குவதையே நிறுத்தியது. ஏறக்குறைய 30 வருடம் கழித்து, பழைய சத்தத்தைக் கேட்டு வாசிப்பவர்கள் நச்சரித்த பிறகு, 1976-இல் எச்டி-28 மூலம் அது திரும்பி வந்தது. இன்றைய பழைய பாணிக் கிட்டார்கள் எல்லாம் இந்தத் திரும்பி வருதலின் தொடர்ச்சி. ஆக, பழைய பாணி என்றால் உத்தரவாதச் செலவுக்குப் பயந்து விட்டுக்கொடுத்ததைத் திரும்ப எடுப்பது என்றும் சொல்லலாம்.

கிப்சன் பக்கத்தில் இன்னொரு காரணமும் சேர்கிறது. அதிரும் கம்பியின் நீளம் மார்ட்டின் ட்ரெட்நாட்டில் 25.4 அங்குலம், ஜே-45 வகையில் 24.75 அங்குலம் என்று குறிப்பிடுவார்கள். வித்தியாசம் கட்டைவிரல் அகலம்கூட இல்லை. ஆனால் அதே தடிமன் கம்பியை அதே சுருதிக்கு ஏற்ற வேண்டிய இழுவை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் சுமார் 5 சதவீதம் குறைகிறது. கம்பி விரலுக்கு மெத்தென்று இருக்கும். மேற்சுரங்கள் (ஒரு ஸ்வரத்தோடு கூடவே மெல்ல ஒலிக்கும் மேல் ஒலிகள்) கொஞ்சம் அடங்கி அடிச்சுரம் முன்னுக்கு வரும். பாட்டுக்குத் துணையாக ஸ்ட்ரம் செய்பவர்கள் இதற்கு உயிரை விடுவார்கள், குரலுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கிறது என்று. விரல்களால் மீட்டித் தனியாக ஒரு முழு இசையை எழுப்ப நினைப்பவர் இதையே வாங்கிவிட்டு, காற்று வற்றின மாதிரி இருக்கிறது என்று விற்றுவிடுவார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

மரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஆனால் இங்கே கொஞ்சம் ஜாக்கிரதையாக. மேற்பலகைக்குப் பழைய காலத்தில் அடிரான்டாக் எனப்படும் சிவப்பு ஸ்ப்ரூஸ். போரின் முடிவை ஒட்டி நல்ல மரம் அருகிப்போய் சிட்கா ஸ்ப்ரூஸுக்கு மாறினார்கள். மேற்பலகை விஷயத்தில் வாசிப்பவர்கள் சொல்வதை நான் பெருமளவு நம்புகிறேன். அடிரான்டாக் பலமாக அடித்தாலும் கலங்காது என்பது பலர் கையனுபவம். முதுகும் விலாவும் வேறு கதை. மஹோகனி என்றால் வறண்டது, ரோஸ்வுட் என்றால் செழிப்பு என்று வேதம் போல ஓதுவார்கள். மார்ட்டின் 1969 வரை பிரேசில் ரோஸ்வுட்டைப் பயன்படுத்திவிட்டு, கிடைப்பது அரிதானதும் இந்திய ரோஸ்வுட்டுக்கு, அதாவது ஈட்டி மரத்துக்கு மாறியது. அந்த மாற்றத்தோடு சத்தமே செத்துவிட்டது என்று இன்றும் துக்கம் காப்பவர்கள் உண்டு.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2018-இல் வெளியான லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், முதுகும் விலாவும் மட்டும் ஆறு வெவ்வேறு மரங்களில், மற்ற எல்லாம் இயன்றவரை ஒரே மாதிரி இருக்கும்படி ஆறு கிட்டார்களைச் செய்தார்கள். 52 கிட்டார் வாசிப்பாளர்கள் வெளிச்சம் குறைந்த அறையில், வெல்டிங் செய்பவர்கள் போடும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்து மதிப்பெண் கொடுத்தார்கள். மலிவான மரத்துக்கும் பிரேசில் ரோஸ்வுட்டுக்கும் மதிப்பெண்ணில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. எது எது என்று பிரித்துச் சொல்லவும் பெரும்பாலானவர்களால் முடியவில்லை.

அப்படியானால் மஹோகனி கிட்டார் வறண்டிருக்கிறது என்பவர் பிரமையில் இருக்கிறாரா? அப்படியும் சொல்ல முடியாது. கடையில் கிடைக்கும் ஒரு மஹோகனி மாடலும் ஒரு ரோஸ்வுட் மாடலும் பல நேரம் பிரேஸ், கம்பி நீளம், உடம்பின் ஆழம் எல்லாவற்றிலும் வேறுபடும். அவர் கேட்ட வித்தியாசம் உண்மையாக இருக்கலாம். காரணம் மட்டும் அவர் விரல் நீட்டும் இடத்தில் இல்லாமல் இருக்கலாம்.

சுட்ட மரம்

அடுப்பில் சுட்ட மேற்பலகை பற்றி வாங்கியவர்களிடம் கேட்டால் பேச்சு சூடாகும். டொரிஃபைட் என்பார்கள். மார்ட்டின் 2015-இல் விடிஎஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது; யமஹாவிடம் ஏஆர்இ என்று தனி முறை இருக்கிறது; தனிப் பட்டறைக்காரர்கள் பலரும் செய்கிறார்கள். பிராணவாயு மிகக் குறைவாக உள்ள அடுப்பில் மரத்தை 150 முதல் 200 டிகிரி செல்சியஸ் போன்ற சூட்டில் வைப்பார்கள். பிராணவாயு இல்லாததால் பற்றிக்கொள்ளாது. மரத்தின் உயிரணுச் சுவரில் இருக்கும் ஹெமிசெல்லுலோஸ் என்ற பகுதி சிதைந்துபோகும். ஈரத்தை உறிஞ்சி வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அது குறைந்ததும் மரம் லேசாகும், மழைக்கும் வெயிலுக்கும் அவ்வளவாக அசைந்துகொடுக்காது, நிறமும் பழுப்பேறும். பல பத்தாண்டுகளில் தானாக நடப்பதில் ஒரு பகுதியைச் சில மணி நேரத்தில் முடிக்கும் குறுக்குவழி.

ஒரு பகுதி என்பதை அழுத்திச் சொல்கிறேன். விளம்பரம் முழுவதும் என்று சொல்லும். 80 வருடம் வாசிக்கப்பட்ட கிட்டாரில் பசை முதிர்ந்திருக்கும், வார்னிஷ் மெலிந்திருக்கும், இழுவைக்குப் பலகை தன் உருவத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டிருக்கும். அடுப்பு இதையெல்லாம் செய்யாது. வாங்கியவர்கள் சொல்வதைக் கேட்டாலும் இது தெரிகிறது. 'பெட்டியிலிருந்து எடுத்ததுமே திறந்துகொண்ட சத்தம்' என்பது பொதுவான பாராட்டு. புதுக் கிட்டாருக்கே உரிய அந்தச் சற்று இறுகிய தன்மை இல்லை என்பதை நானும் கேட்டிருக்கிறேன். எதிர்ப்பக்கத்தில், ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டது, இனி வளர என்ன இருக்கிறது என்ற ஏமாற்றம். கிட்டாரோடு சேர்ந்து வயதாவது ஒரு சுகம் என்று நினைப்பவர்களுக்குச் சுட்ட மரம் கொஞ்சம் அவசரக்காரனாகத் தெரிகிறது. பழுது பார்ப்பவர்களின் கவலை இன்னும் நடைமுறையானது: சுட்ட ஸ்ப்ரூஸ் எளிதில் உதிரும், ஓரத்தில் அடி பட்டால் சிம்பு சிம்பாகப் பெயரும்.

வாசிக்க வாசிக்கச் சத்தம் திறக்கும் என்ற நம்பிக்கையை இங்கேயே சொல்லிவிடலாம். ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அதே மாதங்களில் வாங்கியவரின் கையும் அந்தக் கிட்டாருக்குப் பழகுகிறது, எந்த இடத்தில் எவ்வளவு பலத்தில் மீட்டினால் நன்றாக ஒலிக்கும் என்று விரல் கற்றுக்கொள்கிறது. திறந்தது மரமா ஆளா என்று பிரித்துச் சொல்வது லேசில்லை. இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். 1930களில் செய்ததில் சுமாராக ஒலித்தவை யாருடைய பரணிலோ உடைந்து கிடந்து குப்பைக்குப் போயிருக்கும். நன்றாக ஒலித்தவற்றைத்தான் ஒவ்வொரு தலைமுறையும் செலவு செய்து காப்பாற்றியது. இன்று பழைய கிட்டார்கள் எல்லாமே அற்புதம் என்று தோன்றுவதில் இந்தச் சல்லடைக்கும் பங்கு இருக்கிறது.

கண்ணுக்கு

தோற்றம் பற்றிய பேச்சில் எல்லோரும் முதலில் ஒரு சத்தியம் செய்வார்கள்: எனக்குச் சத்தம்தான் முக்கியம், அழகு இரண்டாம்பட்சம் என்று. அதற்கு அடுத்த வாக்கியம் நிறத்தைப் பற்றி இருக்கும்.

பழைய தோற்றத்துக்குத் தனிப் பாகங்கள் இருக்கின்றன. புது ஸ்ப்ரூஸ் வெளேரென்று இருப்பதால், வார்னிஷில் தேன் நிறச் சாயம் கலந்து பழசாகக் காட்டுவார்கள். ஓரத்தில் ஓடும் மீன்முள் கோலம் போன்ற ஹெர்ரிங்போன் பட்டை, மீட்டும் பிக் பலகையைக் கீறாமல் காக்க ஆமை ஓட்டு நிறத்தில் பிக்கார்ட், பின்புறம் பல்சக்கரம் தெரியும்படி திறந்த ட்யூனர்கள் (சுருதி சேர்க்கும் முறுக்குகள்), கம்பியை இரு முனையிலும் தாங்கும், எலும்பில் செய்த நட்டும் சாடிலும். பளபளப்பான வெள்ளை பிளாஸ்டிக் ஓரத்துக்குப் பதில் வெண்ணெய் நிறம். இவற்றில் சத்தத்தைத் தொடுபவை ஒன்றிரண்டுதான். ஆனால் சாயம் கொஞ்சம் கூடிவிட்டாலே கிட்டார் பூசணிக்காய் நிறத்துக்குப் போய்விடும். பழசும் இல்லை, புதுசும் இல்லை. பழைய பாணிக் கிட்டார்கள் மேல் வரும் தோற்றப் புகார்களில் நியாயமானது இதுதான் என்பேன். உண்மையான பழைய பலகையில் நிறம் ஒரே சீராக இருக்காது: பிக்கார்டைக் கழற்றினால் அடியில் வெளுப்பு, கை படும் இடத்தில் கறுப்பு. தொழிற்சாலைத் தெளிப்பானுக்கு இந்த ஏற்ற இறக்கம் வராது. சன்பர்ஸ்டிலும் அப்படியே. நடுவிலிருந்து ஓரத்துக்கு நிறம் கரைந்து போக வேண்டும். அவசரமாகத் தெளித்தால் மஞ்சள் முட்டையைச் சுற்றிக் கறுப்பு வளையம் போட்ட மாதிரி ஆகிவிடும்.

வார்னிஷ் இரண்டு பக்கமும் நிற்கிறது, காதுக்கும் கண்ணுக்கும். பழைய கிட்டார்களில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். மெல்லிசாகப் பூசலாம், உரசினால் தேயும், வருடம் போகப் போக மஞ்சளாகும், குளிரில் திடீரென்று விரிசல் கோடுகள் விடும். ரப்பர் அல்லது வினைல் பட்ட இடத்தில் கரைந்து ஒட்டிக்கொள்ளும். கிட்டார் ஸ்டாண்டின் தடம் முதுகில் பதிந்துவிட்டது என்ற அழுகையைக் கேட்காதவர் இல்லை. பாலியூரிதேன் அல்லது பாலியெஸ்டர் பூச்சு இதற்கெல்லாம் அசராது. ஆனால் தடிமனாகப் போட்டால் பலகைக்கு மேல்சட்டை போட்ட மாதிரி. நைட்ரோ என்ற சொல்லே தரம் என்று ஆகிவிட்டது, அது அவ்வளவு சரியில்லை. தடித்த நைட்ரோவைவிட மெல்லிய பாலி சத்தத்துக்கு நல்லது. வாங்கியவர்கள் நைட்ரோவை விரும்புவதற்குப் பாதிக் காரணம், அது தேய்ந்து தங்கள் கை அடையாளத்தை ஏந்திக்கொள்ளும் என்பதுதான். அந்தக் காரணம் எனக்கும் பிடிக்கும்.

அதே காரணத்தால்தான் தொழிற்சாலையிலேயே தேய்த்து, கீறி, விரிசல் விட்டு அனுப்பும் கிட்டார்கள் மேல் சண்டை. அமெரிக்க கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சனின் 'டிரிகர்' என்ற மார்ட்டின் கிட்டாரில், அவர் பிக்கால் உரசி உரசியே ஒலித்துளைக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை விழுந்துவிட்டது. அது 1969-இலிருந்து அவர் வாசித்த கணக்கு. அந்தக் கணக்கை எழுதாமலே கையெழுத்து மட்டும் போட்டுத் தருவது போல இருக்கிறது இந்த முன்தேய்ப்பு என்பார்கள் எதிர்ப்பவர்கள். வைத்திருப்பவர்கள் சொல்லும் பதில் எளிமையானது: முதல் கீறல் விழுமோ என்ற பயம் இல்லாமல் எடுத்து வாசிக்க முடிகிறது. பளபளக்கும் கிட்டாரைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய ஆட்களைப் பார்த்திருப்பதால், இந்தப் பதிலை ஒரேயடியாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. எனக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

கண் காதை இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு வயலின் உலகமும் சாட்சி. 2010-இல் இண்டியானாபொலிஸில் 21 வயலின் கலைஞர்கள், பார்வையை மறைக்கும் கண்ணாடியோடு, பழைய இத்தாலிய வயலின்களான இரண்டு ஸ்ட்ராடிவாரி, ஒரு குவார்னேரி, மூன்று புது வயலின் ஆகியவற்றை வாசித்துப் பார்த்தார்கள். பெரும்பாலானோர் விரும்பியது புது வயலின்களை; எது பழசு என்றும் பலரால் சொல்ல முடியவில்லை. இதைக் கேட்டதும் அப்படியானால் எல்லாம் ஏமாற்று என்று முடிவு கட்டுவது எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் யாரும் கண்ணைக் கட்டிக்கொண்டு வாசிப்பதில்லை. சுவரில் தொங்கும் கிட்டார் கண்ணில் பட்டு, எடுக்கத் தோன்றி, அரை மணி நேரம் கூடுதலாக வாசித்தால் அந்த அரை மணி நேரம் நிஜம்.

கழுத்தில் வரும் வம்பு

சத்தம் பிடித்து, தோற்றம் பிடித்து, கடைசியில் விற்றவர்களிடம் காரணம் கேளுங்கள். அநேகமாகக் கழுத்து. பழைய பாணி என்று நேர்மையாகச் செய்தால் நெக்கின் பின்புறம் வி எழுத்து போல முகடு தட்டும், அல்லது கிரிக்கெட் மட்டையின் கைப்பிடி போலத் தடித்திருக்கும். அந்தக் காலத்தில் சில கிட்டார்களில் கழுத்துக்குள் ஓடி வளைவைத் திருத்தும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடே கிடையாது. மார்ட்டின் 1985-இல்தான் திருத்தக்கூடிய ராடைப் போட ஆரம்பித்தது. மரத்தின் தடிமனே பலம். கட்டைவிரலை நெக்கின் மேலே வளைத்துப் பிடிப்பவருக்கு அந்த முகடு வாகாக உட்காரும். கட்டைவிரலைப் பின்னால் ஊன்றிப் பார்ரே கார்ட் (ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்துவது) பிடிப்பவருக்கு உள்ளங்கை ஒரு மணி நேரத்தில் கடுக்கும். நட் அகலம் 43 மி.மீ. ஆ 44.5 மி.மீ. ஆ என்பதும் இப்படித்தான், ஒன்றரை மி.மீ. என்று காகிதத்தில் சிரிப்பாக இருக்கும், கையில் சிரிப்பு வராது.

கம்பிகளைப் பற்றி ஒரு வார்த்தை. யாராவது இந்தக் கிட்டார் மங்கல் என்றாலோ கணீர் என்றாலோ, முதலில் எந்தக் கம்பி, போட்டு எத்தனை நாள் என்று கேளுங்கள். இன்று பெரும்பாலான அக்கூஸ்டிக்கில் இருக்கும் பாஸ்பர் பிரான்ஸ் கம்பி 1974-இல் டிஅட்டாரியோ அறிமுகப்படுத்தியது. 1930களின் கிட்டார்கள் தங்கள் இளமையில் அதைப் பார்த்ததே இல்லை. நிக்கலும் செம்பும் கலந்த மோனல் கம்பி போட்டால் அதே கிட்டார் இன்னும் வறண்டு, கிட்டத்தட்ட முணுமுணுப்புக்கு வந்துவிடும். செம்பும் துத்தநாகமும் கலந்த 80/20 போட்டால் இரண்டு வாரம் பளிச்சென்று பேசி, பிறகு அடங்கும். ஒருவருடைய புகாரையே புகழாக மாற்றக் கம்பி ஒன்று போதும் என்பதால், கம்பி விவரம் சொல்லாத கருத்தை நான் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்த கேள்வி, எங்கே உட்கார்ந்து கேட்டார் என்பது. கிட்டாரின் ஒலி பெரும்பாலும் முன்னால் போகிறது. வாசிப்பவரின் காது பலகைக்கு மேலே, பக்கவாட்டில் இருக்கிறது. கூர்மையான மேற்சுரங்கள் நேராக முன்னே பாய, மந்தரம் மட்டும் எல்லாப் பக்கமும் சுற்றிக்கொண்டு வரும். லேசான பலகையும் பெரிய உடம்பும் கொண்ட கிட்டாரில் இந்த வித்தியாசம் கூடுதலாகவே தெரியும்.

என் சன்பர்ஸ்ட் பற்றி வாங்கிய முதல் இரண்டு வருடம் நான் சொன்னதெல்லாம் போர்வைக் கதைதான். விற்கலாம் என்று பேசி வைத்திருந்தேன். வாங்க வந்த நண்பர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வாசித்தார். பத்தடி தள்ளி எனக்கு வந்து சேர்ந்தது வேறொரு கிட்டார்; ஒவ்வொரு ஸ்வரமும் முனை மழுங்காமல் தனியாக வந்தது, நான் இத்தனை நாள் கேட்காத மேல் ஸ்தாயியோடு. "என்னப்பா, கொஞ்சம் அடைச்ச மாதிரி இருக்கே?" என்று அவர் தலையைத் தூக்கிக் கேட்டார். விற்பதில்லை என்று முடிவு செய்து திரும்ப வாங்கி மடியில் வைத்து ஒரு ஜி கார்ட் பிடித்தேன். அதே போர்வை.